பழைய கிட்டார் சுருதி நிக்கலையா? ட்யூனிங் கீ மாற்றும் முன் இதைத் தெரிஞ்சுக்கோங்க!

பாட்டு பாதி போய்க்கொண்டிருக்கும்போதே கிட்டார் சுருதி இறங்கிவிடும். திருகிச் சரி செய்தால், அடுத்த பாட்டில் மறுபடியும் அதே கதை. "கீ எல்லாம் பழசாயிடுச்சு, மாத்திடலாம்" என்று பக்கத்தில் இருப்பவர் சொல்வார். ஆன்லைனில் பளபளப்பான புது செட் ஒன்றை ஆர்டர் போடுவோம். பார்சல் வந்த பிறகுதான் தெரியும், கிட்டாரில் இருக்கும் துளைக்குள் அது நுழையவே நுழையாது. "துளையைக் கொஞ்சம் பெருசாக்கினா போதும்" என்று டிரில்லைக் கையில் எடுப்போம்.

அங்கேதான் கொஞ்சம் நிறுத்த வேண்டும்!

நீங்கள் எடுக்கப்போகும் அந்த மரம் சுமார் ஒன்றேகால் மில்லிமீட்டர்தான். ஆனால் எடுத்த மரம் திரும்ப வராது. பழைய கிட்டாராக இருந்தால் அதன் மதிப்பும் அதோடு இறங்கும். இதில் வேடிக்கை என்னவென்றால், பல நேரங்களில் சுருதி இறங்குவதற்குக் காரணம் ட்யூனிங் கீயே இல்லை.

அப்படின்னா என்னதான் பிரச்னை? கீயை எப்போது மாற்ற வேண்டும்? எதைப் பார்த்து வாங்க வேண்டும்? விரிவாகப் பார்க்கலாம்.

ட்யூனிங் கீ எப்படி வேலை செய்கிறது?

கிட்டாரின் தலைப்பகுதியில் கம்பியைச் சுற்றி இறுக்கும் திருகுகளைத்தான் ட்யூனிங் கீ, மெஷின் ஹெட் என்று சொல்கிறோம். சுருதி காட்டும் எலக்ட்ரானிக் ட்யூனர் வேறு, இது வேறு.

இதன் உள்ளே இருப்பது இரண்டே முக்கியமான பாகங்கள். ஒன்று, நாம் திருகும் பட்டனோடு சேர்ந்த, ஸ்க்ரூ மாதிரி வரி போட்ட தண்டு. இதற்கு வார்ம் என்று பெயர். இன்னொன்று, கம்பி சுற்றியிருக்கும் தண்டின் அடியில் உள்ள பல்சக்கரம். பட்டனை ஒரு முழுச் சுற்று திருகினால் பல்சக்கரம் ஒரு பல் மட்டும் நகரும். சக்கரத்தில் 12 பல் இருந்தால், 12 முறை திருகினால்தான் கம்பித் தண்டு ஒரு சுற்று சுற்றும். இதைத்தான் 12:1 கியர் விகிதம் என்கிறார்கள்.

இந்த அமைப்பில் ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது. பட்டனைத் திருகினால் கம்பி நகரும். ஆனால் கம்பி எவ்வளவு இழுத்தாலும் பட்டன் தானாகத் திரும்பாது. வார்மின் வரிகள் அவ்வளவு சாய்வு குறைந்தவை. அதனால் பல் தேயாத, ஸ்க்ரூ லூஸ் ஆகாத கீ, தானாக "நழுவி" சுருதியை இறக்குவது மிக அரிது. பழைய 12:1 கீக்கும் இது பொருந்தும்.

அப்போ சுருதி ஏன் இறங்குது?

முதல் சந்தேகம் நட் மேல் வர வேண்டும். கழுத்தும் தலைப்பகுதியும் சேரும் இடத்தில், கம்பிகள் உட்காருவதற்குப் பள்ளம் வெட்டிய எலும்பு அல்லது பிளாஸ்டிக் பட்டைதான் நட். அந்தப் பள்ளம் இறுக்கமாக இருந்தால் கம்பி அதில் சிக்கிக்கொள்ளும். வாசிக்கும்போது கம்பியை வளைத்து இழுத்தால் நட்டைத் தாண்டி கொஞ்சம் இழுபட்டு வரும், ஆனால் திரும்பிப் போகாது. உடனே சுருதி இறங்கும்.

இதை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம்:

* கீயைத் திருகும்போது நட் பக்கம் "டிங்" என்று சத்தம் வருகிறதா? கம்பி சிக்கிச் சிக்கி விடுபடுகிறது என்று அர்த்தம்.
* கம்பியை நன்றாக வளைத்து வாசியுங்கள். சுருதி இறங்கிவிட்டதா? நட்டுக்கும் கீக்கும் நடுவில் உள்ள கம்பியை விரலால் ஒரு முறை அழுத்தி விடுங்கள். சுருதி பழைய இடத்துக்கு ஏறினால் குற்றவாளி நட்தான்.
* பென்சில் கரியை நட் பள்ளத்தில் தடவிப் பாருங்கள். நிலைமை தேறினால் கீ வாங்கும் செலவு மிச்சம்.

இரண்டாவது சந்தேகம், கம்பி சுற்றிய விதம். ஏழெட்டுச் சுற்று ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியிருந்தால், அது இறுகி அடங்கும் வரை சுருதி இறங்கிக்கொண்டேதான் இருக்கும். தடித்த கம்பிக்கு இரண்டு மூன்று சுற்று போதும். மெல்லிய கம்பிக்கு ஒன்றிரண்டு கூட இருக்கலாம். புதுக் கம்பி என்றால் கையால் மெதுவாக இழுத்துவிட்டு, மறுபடி சுருதி சேர்க்க வேண்டும்.

மூன்றாவது, நம்முடைய பழக்கம். எந்த கியரிலும் பல்லுக்கும் வரிக்கும் நடுவே துளி இடைவெளி இருக்கும். சுருதியை மேலிருந்து இறக்கிக் கொண்டுவந்து நிறுத்தினால், அந்த இடைவெளி அளவுக்குக் கம்பி பிறகு தளரும். அதனால் தேவைக்குக் கீழே இறக்கி, அங்கிருந்து ஏற்றிக் கொண்டுவந்து நிறுத்துங்கள்.

கீ உண்மையிலேயே போயிடுச்சா? எப்படித் தெரியும்?

மேலே சொன்னதையெல்லாம் பார்த்தாகிவிட்டது, பிரச்னை தீரவில்லை என்றால் கீயைச் சோதிக்கலாம்.

* பட்டனைத் திருகினால் கால் சுற்று வரை கம்பியில் எந்த மாற்றமும் இல்லையா? பல் தேய்ந்திருக்கலாம்.
* ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் மட்டும் இறுக்கமாகிறதா? கீழே விழுந்தோ இடித்தோ தண்டு வளைந்திருக்கலாம்.
* கம்பித் தண்டு முன்னும் பின்னும் ஆடுகிறதா? முன்பக்கம் தண்டைச் சுற்றி இருக்கும் உலோக வளையம், அதாவது புஷ், லூஸ் ஆகியிருக்கலாம்.
* பின்பக்க ஸ்க்ரூ ஆடுகிறதா? இறுக்கினாலே சில நேரம் போதும்.
* பட்டன் மட்டும் சுருங்கி, நொறுங்கிக் கொட்டுகிறதா? அப்படியென்றால் முழு கீயையும் மாற்ற வேண்டியதில்லை.

கடைசியில் சொன்னது 1950களின் கிப்சன் கிட்டார்களில் சகஜம். அந்தக் காலத்து பிளாஸ்டிக் பட்டன்கள் வருஷம் போகப் போகச் சுருங்கி, பொடிப்பொடியாக உதிரும். கியரோ நன்றாகவே இருக்கும். பட்டன் மட்டும் தனியாகக் கிடைக்கிறது. உலோகத் தண்டைச் சூடாக்கி, புது பட்டனை அதில் அழுத்திப் பொருத்தும் வேலை ரிப்பேர் தெரிந்தவர்களுக்குப் பழக்கம்தான்.

கீ இறுக்கமாக இருந்தால் ஒரு சொட்டு எண்ணெயும் உதவும். பழைய க்ளூசன் டீலக்ஸ் கீக்களின் மூடியில் இதற்காகவே சின்னத் துளை ஒன்று இருக்கும்.

க்ளூசன், க்ரோவர்... இதெல்லாம் என்ன?

பழைய மாடல் கிட்டார் என்றாலே இந்த இரண்டு பெயர்களும் வந்துவிடும். க்ளூசன், அமெரிக்காவின் சிகாகோ நகரத்து நிறுவனம். 1950களில் கிப்சனின் லெஸ் பால், ஃபெண்டரின் ஸ்ட்ராடோகாஸ்டர் இரண்டிலுமே இதன் கீதான். தகட்டை அடித்து மடக்கிச் செய்த மூடி, எடை குறைவு. லெஸ் பாலில் இருக்கும் துலிப் பூ மாதிரியான பட்டன் இந்த கீயின் அடையாளம்.

ஃபெண்டருக்குப் போன கீயில் ஒரு தனிச் சிறப்பு உண்டு. கம்பித் தண்டின் நடுவில் பிளவும், அதற்குள் ஒரு குழியும் இருக்கும். கம்பியின் முனையை அந்தக் குழிக்குள் விட்டு மடக்கிச் சுற்ற வேண்டும். முனை வெளியே நீட்டி விரலைக் குத்தாது.

1960களில் க்ரோவரின் ரோட்டோமேட்டிக் கீ பரவலானது. கியர் முழுக்க மூடிய வார்ப்பு உலோகக் கூடு, உள்ளேயே கிரீஸ், திருகினால் வழவழப்பு. ஜெர்மனியின் ஷாலர் நிறுவனமும் இதே பாணியில் இறங்கியது. லெட் செப்பலின் இசைக்குழுவின் ஜிம்மி பேஜ் 1969இல் ஜோ வால்ஷிடம் வாங்கிய பிரபலமான லெஸ் பாலிலும் இருப்பது க்ரோவர் கீதான். பிறகு கேட்க வேண்டுமா? ஏராளமான பழைய கிட்டார்களில் க்ளூசனைக் கழற்றிவிட்டு, துளையைப் பெரிதாக்கி, க்ரோவரும் ஷாலரும் மாட்டினார்கள். அன்று அது வெறும் பழைய கிட்டார். இன்று அதே கிட்டாரைச் சேகரிப்பாளர் கையில் எடுத்தால், முதலில் திருப்பிப் பார்ப்பது தலைப்பகுதியின் பின்பக்கத்தைத்தான். பெரிதான துளையும், அடைத்த ஸ்க்ரூ ஓட்டையும் தெரிந்தால் விலை இறங்கும்.

க்ளூசன் நிறுவனம் 1980களின் தொடக்கத்தில் மூடப்பட்டது. 1990களில் வேறொரு நிறுவனம் அந்தப் பெயரில் மறுபடி தயாரிக்கத் தொடங்கியது. ஜப்பானின் கோடோ நிறுவனமும் அதே தோற்றத்தில் தரமான கீக்களைச் செய்கிறது. அதனால் இன்று மரத்தில் கை வைக்காமலேயே நல்ல கீ மாற்ற வழி இருக்கிறது.

வாங்கும் முன் அளக்க வேண்டியது என்னென்ன?

"பழைய மாடலுக்குப் பொருந்தும்" என்று டப்பாவில் போட்டிருப்பதை மட்டும் நம்பாதீர்கள். ஒரு வெர்னியர் காலிப்பரால் இந்த ஆறையும் அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

1. துளையின் விட்டம்: க்ளூசன் பாணி கீக்குத் துளை 11/32 இன்ச், அதாவது சுமார் 8.7 மி.மீ. க்ரோவர், ஷாலர் பாணி கீக்குச் சுமார் 10 மி.மீ. இதுதான் முதல் கேள்வி. புஷ் மாட்டியிருக்கும்போது அளந்தால் புஷ்ஷின் உள் அளவுதான் கிடைக்கும். மரத்தின் துளையைத்தான் அளக்க வேண்டும்.

2. முன்பக்கமும் பின்பக்கமும்: சில புதிய ஃபெண்டர் கிட்டார்களில் துளை ஒரு பக்கம் 10 மி.மீ., இன்னொரு பக்கம் 9 மி.மீ. என்று படிபோல இருக்கும். ஒரு பக்கம் மட்டும் அளந்து ஏமாற வேண்டாம்.

3. கம்பித் தண்டின் விட்டம்: க்ளூசன் பாணியில் இது கால் இன்ச், 6.35 மி.மீ. ஆசிய நாடுகளில் தயாராகும் பழைய பாணி கிட்டார்களில் 6 மி.மீ. தண்டும் வருகிறது. தண்டு ஒரு அளவு, புஷ் ஒரு அளவு என்றால் ஒன்று நுழையாது, இல்லையென்றால் ஆடும்.

4. ஸ்க்ரூ எங்கே வருகிறது: க்ளூசனில் மேலே ஒன்று, கீழே ஒன்று. ஃபெண்டரின் ஆறு கீ வரிசையில் பக்கத்து பக்கத்து கீக்கள் ஒரே ஸ்க்ரூவைப் பகிர்ந்துகொள்ளும். ஆறு கீக்கு ஏழு ஸ்க்ரூதான். க்ரோவர் பாணியில் ஒரு கீக்கு ஒரே ஸ்க்ரூ, அதுவும் வேறு இடத்தில். சில புதிய மாடல்களில் ஸ்க்ரூவே இல்லாமல் இரண்டு சிறு ஊசிகள் மரத்தில் பதியும்.

5. கீக்களுக்கு நடுவே இடைவெளி: ஒரு தண்டின் மையத்திலிருந்து அடுத்த தண்டின் மையம் வரை. பெரிய கூடு உள்ள கீ வாங்கினால் ஒன்றோடொன்று இடிக்கலாம்.

6. தலைப்பகுதியின் தடிமன்: தண்டு குட்டையாக இருந்தால் கம்பி சுற்ற இடம் இருக்காது.

இன்னொன்று: இடம், வலம். லெஸ் பால் மாதிரி மூன்றும் மூன்றுமாக இருந்தால் செட்டில் இடப்பக்கம் 3, வலப்பக்கம் 3 வர வேண்டும். ஸ்ட்ராடோகாஸ்டர் மாதிரி என்றால் ஆறும் ஒரே பக்கம். உடைந்தது ஒன்றுதானே என்று ஒற்றை கீ வாங்குபவர்கள் இங்கேதான் தப்பு செய்கிறார்கள்.

கியர் விகிதம் அதிகமா இருந்தா நல்லதா?

விளம்பரத்தில் 18:1 என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். அதன் அர்த்தம் என்ன என்று ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம்.

கால் இன்ச் தண்டின் சுற்றளவு சுமார் 20 மி.மீ. 12:1 கீயில் பட்டனை ஒரு சுற்று திருகினால் கம்பி சுமார் 1.7 மி.மீ. இழுபடும். 18:1 கீயில் சுமார் 1.1 மி.மீ.தான். அதாவது இன்னும் நுணுக்கமாகச் சுருதி சேர்க்கலாம். அவ்வளவுதான். விகிதம் அதிகம் என்பதற்காகச் சுருதி அதிக நேரம் நிற்காது. நன்றாகச் செய்த 15:1 கீ, மட்டமாகச் செய்த 18:1 கீயை விடப் பல மடங்கு மேல்.

மேடையில் பாட்டுக்குப் பாட்டு சுருதி மாற்றுபவர்களுக்கு விகிதம் குறைவாக இருப்பதே வசதியாகவும் படலாம். வேகமாக மாற்றலாம் இல்லையா?

லாக்கிங் கீ வாங்கலாமா?

பெயரைக் கேட்டால் கியரைப் பூட்டி வைக்கும் என்று தோன்றும். அப்படி இல்லை. தண்டுக்குள் கம்பியை இறுக்கிப் பிடிக்கும், அவ்வளவுதான். அதனால் அரைச் சுற்று, முக்கால் சுற்று போதும். சுற்றே இல்லையென்றால், சுற்று இறுகிச் சுருதி இறங்கும் பிரச்னையும் இல்லை. கம்பி மாற்றுவதும் சுலபம். ட்ரெமோலோ கை உள்ள கிட்டாருக்கு உண்மையிலேயே பயன் உண்டு.

பழைய க்ளூசன் தோற்றத்திலேயே, அதே சின்னத் துளைக்குப் பொருந்தும் லாக்கிங் கீக்களும் வந்துவிட்டன. ஆனால் நட் சிக்கலாக இருந்தால் லாக்கிங் கீ போட்டாலும் சுருதி இறங்கத்தான் செய்யும்.

எடையையும் பாருங்க!

வார்ப்பு உலோகக் கீ, தகட்டுக் கீயை விடக் கனம். ஆறு கீயும் சேர்ந்தால் தலைப்பகுதியில் வித்தியாசம் நன்றாகத் தெரியும். கிப்சன் எஸ்.ஜி. மாதிரி உடல் மெல்லிய கிட்டாரில் ஏற்கெனவே தலை தாழும் குணம் உண்டு. கனமான கீ போட்டால் வாரில் மாட்டி நிற்கும்போது இடது கை கழுத்தைத் தாங்கிக்கொண்டே வாசிக்க வேண்டியிருக்கும்.

அப்போ எந்த கிட்டாருக்கு எது?

* உண்மையிலேயே பழைய கிட்டார், பழைய கீயோடு: முதலில் எண்ணெய், ஸ்க்ரூ, பட்டன், நட். அதற்கும் சரியாகவில்லை என்றால் அதே துளை, அதே ஸ்க்ரூ இடத்துக்குப் பொருந்தும் கீ மட்டும். கழற்றிய பழைய கீ, புஷ், ஸ்க்ரூ எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு கிட்டார் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். நாளை விற்கும்போது அதற்கும் விலை உண்டு.
* பழைய பாணியில் செய்த புது கிட்டார்: அதே பாணியில் தரமான 15:1 கீ போதும். மி.மீ. அளவா, இன்ச் அளவா என்று பார்த்து வாங்குங்கள்.
* யாரோ ஏற்கெனவே துளையைப் பெரிதாக்கிய கிட்டார்: கவலை வேண்டாம். வெளி விட்டம் 10 மி.மீ., உள் விட்டம் கால் இன்ச் உள்ள மாற்று புஷ் கிடைக்கிறது. அதை வைத்து க்ளூசன் பாணி கீயை மறுபடி மாட்டலாம். போன மரம் வராது, ஆனால் தோற்றம் திரும்பும்.
* மூன்று கீயும் ஒரே தகட்டில் உள்ள பழைய அகௌஸ்டிக் அல்லது கிளாசிக்கல் கிட்டார்: தண்டுகளின் இடைவெளிதான் எல்லாம். கிளாசிக்கல் கிட்டாரில் 35 மி.மீ. இடைவெளி பரவலானது. பழையவற்றில் மாறுபடும். அளக்காமல் வாங்கவே கூடாது.
* மாண்டலின்: நான்கு கீ ஒரே தகட்டில் வரும். வார்ம், பல்சக்கரத்துக்கு மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா என்று பழையதைப் பார்த்து வாங்குங்கள். மாறிப்போனால் எல்லாமே தலைகீழாகத் திரும்பும்.

நம்ம ஊர் வீணைக்கும் இதே கேள்வி உண்டு. மரப் பிரடைக்குப் பதில் கிட்டார் மாதிரி கியர் கீ பொருத்திய வீணைகள் இப்போது கிடைக்கின்றன. புதிதாகச் செய்யும்போதே அப்படிக் கேட்டு வாங்குவது ஒன்று. பாட்டி காலத்து வீணையில் துளையை மாற்றுவது வேறு. பிரடை வழுக்கினால் அதைத் துளைக்குச் சரியாக இழைத்து உட்காரவைக்க வீணை செய்பவரிடம் முதலில் கேளுங்கள்.

மாட்டும்போது கவனிக்க வேண்டியது

* எல்லாக் கம்பியையும் தளர்த்திவிட்டுத் தொடங்குங்கள்.
* பழைய புஷ்ஷை நெம்பி எடுக்காதீர்கள். சுற்றிலும் வார்னிஷ் பெயர்ந்துவிடும். சால்டரிங் அயர்னை புஷ்ஷில் மட்டும் வைத்துச் சற்று சூடாக்கினால் பிடி இளகும். பிறகு பின்பக்கத்திலிருந்து நேராகத் தள்ள வேண்டும்.
* ஸ்க்ரூ மிகச் சின்னது, இறுக்கினால் தலை முறிந்துவிடும். மரையில் கொஞ்சம் மெழுகு தடவிப் போடுங்கள்.
* பிளவுத் தண்டு உள்ள கீ என்றால், கம்பியை அடுத்த இரண்டு கீ தூரத்துக்கு அளந்து, முதலில் மடக்கி, பிறகு வெட்டுங்கள். மடக்காமல் வெட்டினால் தடித்த கம்பியின் மேல்சுற்று தளர்ந்துவிடும்.

இதில் எந்த இடத்திலாவது "டிரில் போட்டாத்தான் உள்ளே போகும்" என்ற நிலை வந்தால், அது தப்பான கீ. பணத்தைத் திருப்பிக் கேளுங்கள், இல்லையென்றால் வேறு கீ வாங்குங்கள். கீயை நாளைக்கும் மாற்றலாம். துளையை மாற்ற முடியாது.